வேண்டாம் என்பவளின் காரணத்தைக் கேள்
ரெம்பியா வட்டாரத்தில் பணிக்குச் சேர்ந்திருக்கும் இளம் தாதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிளினிக்கில் மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது, செலவும் பெரிதில்லை. அப்படியிருந்தும், இனிப் பிள்ளை வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லும் பெண்களே ஏன் எதையும் எடுக்காமல் வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்டிருந்தாய். வேலைக்கு வந்த புதிதிலேயே உனக்கு இந்தக் கேள்வி எழுந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பலர் இதைக் கேட்காமலே பணி ஓய்வு பெற்றுவிடுகிறார்கள்.

நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை புதிதல்ல. 1953-இல் சிலாங்கூரில் தன்னார்வச் சங்கம் தொடங்கியது. 1966-இல் அரசு தனி வாரியமே அமைத்தது. அந்த வாரியம் 2014-இல் எடுத்த ஆய்வில், மணமான பெண்களில் 52.2 விழுக்காட்டினர் ஏதோ ஒரு முறையைக் கையாண்டார்கள். மாத்திரை, ஊசி போன்ற நவீன முறைகளை மட்டும் கணக்கிட்டால் 34.3 விழுக்காடுதான். பிள்ளை வேண்டாம், அல்லது இப்போதைக்கு வேண்டாம் என்றிருந்தும் எந்த முறையையும் கையாளாதவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 1984-இலும் கருத்தடை முறைகளைக் கையாண்டவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். முப்பது ஆண்டுகளில் கிளினிக்குகள் பெருகின, சாலைகள் வந்தன, இந்த விழுக்காடு மட்டும் பெரிதாக நகரவில்லை.

'இந்தியர் வீடுகளில் இப்போது ஒன்றிரண்டு பிள்ளைகள்தானே, இதில் என்ன பிரச்சினை' என்று உன்னிடம் சொல்வார்கள். ஏமாந்துவிடாதே. பிள்ளை குறைவு என்பதால் அந்தப் பெண் நிம்மதியாக இருக்கிறாள் என்று ஆகாது. நாள் எண்ணிக்கொண்டும், கணவனின் கட்டுப்பாட்டை நம்பிக்கொண்டும், ஒவ்வொரு மாதமும் தீட்டு தள்ளினால் நெஞ்சு பதறிக்கொண்டும் ஓட்டுகிறவர்கள் தாமானிலும் தோட்டத்திலும் நிறைய.

அவர்கள் எதையும் எடுக்காததற்கு முதல் காரணம் பயம். 2016-இல் 52 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படிப்பட்ட மணமான பெண்களில் பக்கவிளைவுக்குப் பயந்தே எடுக்கவில்லை என்றவர்கள் 26 விழுக்காடு. எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர்கள் மிகச் சிலர்தான். நம் பெண்களின் பயங்களை நீயும் கேட்டிருப்பாய். ஊசி போட்டால் தீட்டு நின்று கெட்ட ரத்தம் உள்ளே தேங்கும், கருப்பையில் வைத்த வளையம் நெஞ்சுக்கு ஏறும், மாத்திரை சாப்பிட்டால் பிறகு பிள்ளையே தங்காது. இவற்றைக் கேட்டுச் சிரித்துவிடாதே. ஊசி போட்டுத் தீட்டு நின்றவளின் கருப்பை உட்சுவர் தடிப்பதில்லை, அதனால் வெளியேற ரத்தமே இருக்காது என்று ஒரு தாளில் வரைந்து காட்டு. உண்மையான பக்கவிளைவையும் மறைக்காதே. ஊசியால் சிலருக்கு எடை கூடும், நிறுத்திய பின் கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம். அதை நீ சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். அதன்பின் உன் வார்த்தை அந்த லயத்தில் எடுபடாது.

இரண்டாவது, 'எனக்கு எங்கே தங்கப்போகிறது' என்ற நினைப்பு. கணவர் சிங்கப்பூரில் வேலை செய்து வாரக் கடைசியில் வருபவர் என்றால், அந்த இரண்டு நாளுக்கு எதற்கு மருந்து என்பாள். பால் கொடுக்கும் தாய் தனக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்புவாள். பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையவில்லை, தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை, தீட்டு இன்னும் திரும்பவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அவள் நம்பிக்கை சரி. ஒன்று மாறினாலும் அது போய்விடும். தீட்டு வருவதற்கு முன்பே கரு தங்கிவிடலாம் என்பதைப் பிரசவம் முடிந்து வரும் ஒவ்வொரு தாயிடமும் சொல்.

மூன்றாவது, வீடு. ஆண் வாரிசுக்காகக் காத்திருக்கும் மாமியார், கருத்தடை என்றாலே சந்தேகப்படும் கணவன், குடித்துவிட்டு வரும் இரவுகள். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருபவளுக்கு மலாயில் பேசும் தாதி ஒரு சுவர் என்றால், மொழிபெயர்க்க உடன் வரும் மாமியார் இன்னொரு சுவர். உன் தமிழ் அங்கேதான் உதவும். எடை பார்க்க, ரத்த அழுத்தம் பார்க்க என்று அவளைத் தனியாக உள்ளே அழைத்துப் பேசு. வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கலாமா, சிகிச்சை அட்டையை எடுத்துப்போவாளா, கிளினிக்கிலேயே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுக்கொள். கணவர் வருவதானால் அவரையும் உட்காரவைத்துப் பேசு. ஆண்களுக்கான கருத்தடை அறுவை எளியது, ஆண்மையைக் குறைக்காது என்று அவர்களிடம் சொல்ல ஆளே இல்லை.

நான்காவது, நேரம். தொழிற்சாலையில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்பவளுக்குத் தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை என்பது நடக்காத காரியம். செம்பனைத் தோட்டத்தில் நாள் சம்பளக்காரி கிளினிக்குக்கு வந்தால் அன்றைய கூலி போகும். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியோ, மூன்று ஆண்டு கையில் தோலுக்கடியில் இருக்கும் குச்சியோ அவளுக்குப் பொருந்தலாம். அவள் வேலை நேரத்தைக் கேட்காமல் முறையைச் சொல்லாதே.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது கரு தங்கினால், முதல் எட்டு வாரத்தில் உருவாகும் இதயமும் முதுகுத்தண்டும் பழுதாகும் ஆபத்து கூடுகிறது. அவள் உன்னிடம் கர்ப்பப் பதிவுக்கு வரும்போது அந்த வாரங்கள் பெரும்பாலும் கடந்திருக்கும். ஆகவே இனிப்பு நீருக்கு மருந்து வாங்க வரும் ஒவ்வொரு இளம் பெண்ணிடமும் அடுத்த பிள்ளையைப் பற்றிக் கேள். ரத்தக் கொதிப்பு உள்ளவளுக்குச் சாதாரணக் கூட்டு மாத்திரை ஆகாது என்பதையும் மறந்துவிடாதே.

கடைசியாக, நம் தொழில் எல்லை மீறினால் என்னவாகும் என்பதற்கு இந்தியாவின் நெருக்கடி நிலைக் காலமே சாட்சி. 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள், பலருக்கு வற்புறுத்தி. ஏழைகளுக்கு அரசு மருத்துவமனை என்றாலே அச்சம் பிடித்தது. உன் மேலதிகாரி மாத இலக்கு கேட்கலாம். அந்த எண்ணுக்காக எந்தப் பெண்ணின் கையிலும் ஊசி ஏற்றாதே. எல்லாம் புரிந்துகொண்ட பின்னும் அவள் வேண்டாம் என்றால் அது அவள் முடிவு. மனம் மாறினால் எந்த நாளும் வரலாம் என்று சொல்லி அனுப்பு.

நாளைக்கே ஒரு வேலை செய். எதுவும் எடுக்காமல் போகும் பெண்ணின் அட்டையில் 'மறுத்தார்' என்று மட்டும் எழுதாமல், ஏன் மறுத்தார் என்பதை அவள் சொன்ன சொற்களிலேயே எழுது. அடுத்த முறை வரும்போது அந்தக் காரணத்திலிருந்து பேச்சைத் தொடங்கு. உன்னிடம் ஒரு முறை மனம் திறந்தவள் தன் தங்கையையும் அழைத்து வருவாள்.

அன்புடன்,
பணி ஓய்வு பெற்ற ஒரு மிஸ்ஸி