கிலோமீட்டரை நேரமாக மாற்றும் முன்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று தேடி, அதை வேகத்தால் வகுத்து, இத்தனை மணி நேரப் பயணம் என்று முடிவுகட்டுவது பலரின் வழக்கம். அந்தக் கணக்கு தொடக்கத்துக்கு மட்டுமே உதவும். நேரத்தைத் தீர்மானிப்பது விமானம் உண்மையில் போகும் பாதையும் வழியில் வீசும் காற்றும்தான். பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவின் நரிட்டாவுக்குச் செல்லும் தடத்தை வைத்து இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் குறைந்தபட்சத் தூரம். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். பூகோள உருண்டையில் இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது சைபீரியாவின் வடபகுதிமேல் வளைந்து போகும். அதுவே மிகக் குறுகிய வழி. எண்ணாக வேண்டுமென்றால், அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு பூமியின் மையத்தில் இரு ஊர்களுக்கும் இடையே அமையும் கோணத்தைக் கண்டறிந்து, பாகைக்கு 111 கி.மீ. வீதம் பெருக்க வேண்டும். இங்கே கோணம் ஏறத்தாழ 70.4 பாகை, தூரம் சுமார் 7,800 கி.மீ. இணையக் கணிப்பான்கள் செய்வதும் இதைத்தான். டோக்கியோவுக்கு நரிட்டா, ஹனேடா என இரு விமான நிலையங்கள் இருப்பதால், கணிப்பானில் நிலையத்தின் குறியீட்டைச் சரிபார்த்து இடுங்கள்.

அடுத்து, மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்து, தரையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்குமாக அரை மணி முதல் முக்கால் மணி வரை கூட்டுங்கள். ஒன்பதேகால் மணியை ஒட்டி வரும். 2022-க்கு முன் அட்டவணை நேரமும் ஏறத்தாழ இதுதான். அந்த ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு மூடியது. அதன்பின் இத்தடத்தில் பறக்கும் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் வட துருவத்தைச் சுற்றியோ தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ போக நேர்ந்து, பயணம் சுமார் 13 மணி நேரமானது. கணிப்பானோ இன்றும் அதே 7,800-ஐத்தான் காட்டும். இது புதிய சிக்கலும் அல்ல. சோவியத் வான்வெளி திறக்காத 1983-இல் இதே நிறுவனம் டோக்கியோவுக்கான இடைநில்லாச் சேவையை வட துருவம் வழியாகத்தான் தொடங்கியது.

எனவே மூன்றாவது படி, பாதையைக் கண்ணால் பார்ப்பது. ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளங்களில் அந்த விமானம் கடந்த சில நாட்களில் எப்படிப் போனது, எவ்வளவு நேரம் பறந்தது என்று பாருங்கள். நீண்ட வழி என்றால் நேரமும் கூடத்தானே செய்யும் என்று கேட்கலாம். எப்போதும் அப்படியல்ல. 2016-இல் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடி 15,300 கி.மீ. ஆகியும், மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்வளிக் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் நேரம் குறைந்தது. அதே காற்றை எதிர்த்து மேற்கே திரும்பும் பயணம் பொதுவாக நீளும் என்பதால், போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

டிக்கெட்டிலேயே நேரம் இருக்கிறதே, இவ்வளவும் எதற்கு என்பது நியாயமான கேள்வி. டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர்க் கடிகாரங்கள். கோடையில் ஹெல்சின்கியிலிருந்து மாலை 5.30-க்குப் புறப்பட்டு மறுநாள் பகல் 12.30-க்கு டோக்கியோவில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நேரே கழித்தால் 19 மணி நேரம் வரும். டோக்கியோ முன்னே இருக்கும் 6 மணி நேரத்தைக் கழித்தால்தான் 13 கிடைக்கும். குளிர்காலத்தில் ஹெல்சின்கி தன் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், ஜப்பான் தள்ளாது. அப்போது வித்தியாசம் 7 மணி நேரம். டோக்கியோவில் இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் பயண நாளின் வித்தியாசத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும், முன்பதிவு செய்யும் நாளினுடையதை அல்ல.