பழைய டிராக்டரைப் புகைப்படத்திலிருந்து இனங்காணும் முறை

சென்ற மாதம் மதுரை கே.கே. நகரில் வசிக்கும் குடியானவர் ஒருவர் பழுப்பேறிய புகைப்படமொன்றை நம்மிடம் கொண்டுவந்தார். அவருடைய தகப்பனார் திருமங்கலம் பக்கத்துக் கரிசல் நிலத்தில் ஒரு சிறிய டிராக்டரின் அருகில் நிற்பதை அப்படம் காட்டிற்று. அந்த டிராக்டர் இன்றும் அவருடைய கிராமத்துக் கொட்டகையில் துருவேறிக் கிடக்கிறது. பழைய இரும்பு வியாபாரி எடைக்கு விலை பேசியிருக்கிறார். பேரனோ அதைச் செப்பனிட்டு ஓட்ட விரும்புகிறான். ஆனால் யந்திரம் இன்னதென்று தெரியாமல் உதிரிப்பாகம் வாங்குவதெப்படி? ஒருவர் அதைப் ‘போர்டு’ என்றார். அவர் சொல்லை நம்பி வாங்கிய எஞ்சின் காஸ்கெட் பொருந்தவில்லை. மற்றொருவர் ‘பெர்குஸன்’ என்றார். இத்தகைய ஐயம் பிறருக்கும் எழக்கூடுமாதலால், அதைத் தீர்த்த முறையை இங்கு விவரிக்கிறோம்.

முதலில் யந்திரத்தின் பின்புறத்தைப் பார்க்கவேண்டும். போர்டுஸன் ‘என்’ போன்ற பழைய டிராக்டர்கள் கலப்பையைப் பின்னால் மாட்டி, மாடு வண்டியை இழுப்பதுபோல் இழுத்துச் சென்றன. நமது படத்திலோ கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு தண்டுமாக மூன்று முனைகள் தெரிந்தன. இது ஹாரி பெர்குஸன் என்பார் வகுத்த முறையாகும். கலப்பைக்கு ஏற்படும் இழுவையை மேல்தண்டு உணர்த்த, ஹைட்ராலிக் அமைப்பு அதன் ஆழத்தைத் தானே சரிசெய்யும். கலப்பையின் பாரம் பின்சக்கரங்களின்மேல் விழுவதால் இலேசான டிராக்டரும் வழுக்காமல் உழும்.

இவ்வளவில் யந்திரத்தின் குடும்பம் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1938-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஹென்றி போர்டும் பெர்குஸனும் எழுத்து மூலம் ஏதுமின்றிக் கைகுலுக்கி ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். அதன் பயனாக 1939-இல் போர்டு ‘9 என்’ டிராக்டர் வெளிவந்தது. பெர்குஸனின் ‘டி.இ. 20’ டிராக்டர் இங்கிலாந்திலுள்ள கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்டது. 1947-இல் போர்டு கம்பெனி உறவை முறித்துக்கொண்டு ‘8 என்’ டிராக்டரைத் தானே விற்கத் தொடங்கிற்று. இதனால் மூண்ட வழக்கு 1952-இல்தான் முடிந்தது. ஒரே மூலத்தில் பிறந்தவையாதலால் இவை சகோதரர்போல் ஒத்திருக்கும்.

இரண்டாவதாக, நிறத்தின் சாயலைக் கவனிக்கவேண்டும். ‘8 என்’ டிராக்டரின் மேல்தகடுகள் வெளிர் சாம்பல் நிறம். எஞ்சினும் அடிப்பாகமும் சிவப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் மேற்பாகம் வெளுத்தும் அடிப்பாகம் கறுத்தும் தெரியும். ‘9 என்’, ‘டி.இ. 20’ ஆகிய இரண்டும் முழுதும் சாம்பல் நிறம். நமது படத்தில் சாயல் ஒரே சீராக இருந்தமையால் ‘8 என்’ அன்றென்று தள்ளினோம். ஆயினும் மறுவர்ணம் பூசுவது வழக்கமாதலால், நிறத்தை மாத்திரம் நம்பி முடிவு செய்தலாகாது.

எஞ்சியவை இரண்டு. படத்தில் தகப்பனார் எஞ்சினை மறைத்து நின்றபடியால், புகைப்படம் இதற்குமேல் உதவவில்லை. ஆகவே கொட்டகைக்கே சென்று மூன்று விஷயங்களைச் சோதித்தோம்.

1. எஞ்சின்: போர்டில் வால்வுகள் பக்கவாட்டில் இருப்பதால் தலைப்பாகம் தட்டையாயிருக்கும். பெர்குஸனில் வால்வுகள் மேலே அமைந்து, அவற்றின்மீது தனி மூடி உண்டு. இங்கு மூடி இருந்தது. காஸ்கெட் பொருந்தாததன் காரணமும் இதனால் விளங்கிற்று.

2. கியர்த்தண்டு: ‘9 என்’ முன்னோக்கி மூன்று கியர்கள் உடையது, ‘டி.இ. 20’ நான்கு கியர்கள் உடையது. அன்றியும் பெர்குஸனில் கியர்த்தண்டை ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் எஞ்சின் கிளம்பும். இங்கு நான்கு கியர்களும் ‘எஸ்’ என்ற இடமும் இருந்தன.

3. தகடு: ஓட்டுபவருக்கு எதிரிலுள்ள பலகையில் வரிசை எண் பொறித்த தகடு உண்டு. ‘டி.இ.ஏ.’ என்றால் பெட்ரோல், ‘டி.இ.டி.’ என்றால் மண்ணெண்ணெயையொத்த டிராக்டர் எண்ணெய், ‘டி.இ.எப்.’ என்றால் டீசல். துருவைத் துடைத்ததும் ‘டி.இ.டி. 20’ என்ற எழுத்துக்கள் தெரிந்தன.

நிற்க. சுதந்திரம் வந்த வருஷத்திலேயே தகப்பனார் இதை வாங்கினார் என்பது அக்குடும்பத்தாரின் நம்பிக்கை. ‘டி.இ.டி.’ வகை வெளிவந்தது 1949-இல். ஆகவே டிராக்டரும் படமும் அதற்கு முந்தியவை ஆகா. பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பிறகு படத்தின் பின்புறம் எழுதியிருந்த வருஷத்தைத் தாமே அடித்துத் திருத்தினார். இரும்பு வியாபாரிக்கு அன்றே மறுமொழி சொல்லியனுப்பப்பட்டது.

பெர்குஸன் கம்பெனி 1953-இல் மாஸி-ஹாரிஸ் கம்பெனியுடன் இணைந்தது. அவ்வழி வந்த மாஸி பெர்குஸன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1960-இல் சென்னையில் ‘டாபே’ நிறுவனம் தோன்றிற்று. இன்று நம் வயல்களில் உழும் டிராக்டர்களின் பின்னுள்ள மூன்று முனைகளும் இப்பழைய சாம்பல் நிற யந்திரத்தின் வழி வந்தவையே.

ஆதலால், பழைய டிராக்டர் வைத்திருப்போர் அதை எடைக்குப் போடுமுன் முன், பின், இடம், வலம் ஆகிய நான்கு பக்கங்களிலும், ஆட்கள் மறைக்காதபடி, படம் எடுப்பார்களாக. தகட்டைத் துணியாலும் எண்ணெயாலும் துடைத்து, எழுத்துக்களையும் எண்களையும் ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்வார்களாக. உப்புத்தாளால் தேய்த்தால் எழுத்தே அழிந்துவிடும். எண் தெரிந்த பிறகே உதிரிப்பாகம் வாங்கவேண்டும்.