டோக்கன்களின் இடரைக் கணிக்கும் கருவிகள்: பயனும் எல்லையும்

ஒரு நாட்டின் வளர்ச்சிக்கு மக்களின் சேமிப்பே ஆதாரம். அச்சேமிப்பு எவ்வழியில் முதலீடாகிறது என்பது திட்டமிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டிய பொருளாகும். வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, பங்குப் பத்திரம் ஆகியவற்றோடு கிரிப்டோ டோக்கன்களும் இன்று இளைஞர் பலரின் சேமிப்பை ஈர்த்து வருகின்றன. டோக்கன்களை வாங்கி விற்கும் முடிவையே செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் ஒப்படைக்கும் வழக்கமும் தோன்றியுள்ளது. மனிதர் இடும் பொதுக் கட்டளையை ஏற்று, தானே தகவல் திரட்டித் தானே செயலாற்றும் கணினி நிரலே முகவர் எனப்படுகிறது. ஒரு டோக்கன் ஆபத்தானதா என்பதை அறிய, அது வேறு சில தானியங்கிக் கருவிகளை நாடி மதிப்பெண் பெறுகிறது. அம்மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சட்டத்தின் நிலை

கிரிப்டோ வணிகத்திற்கு வங்கிகள் சேவை அளிக்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் இவற்றின் ஆதாயத்திற்கு 30 சதவீத வரி விதிக்கப்படுகிறது. ஒரு டோக்கனில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழித்துக்கொள்ள இயலாது. 2023 மார்ச்சில் இத்துறைச் சேவை நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டன. வரி விதிக்கப்படுவதாலேயே ஒரு பொருளுக்கு அரசின் உத்தரவாதம் கிடைத்துவிட்டதாகக் கருதுவது தவறாகும்.

நுட்பம் வேறு, அதன்மீது வெளியிடப்படும் டோக்கன் வேறு என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 1996இல் ஐதராபாத்தில் நிறுவிய வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி ஆராய்ச்சிக் கழகம், பிளாக்செயின் நுட்பத்தை வங்கித்துறையில் பயன்படுத்துவது குறித்து 2017 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. நுட்பத்தின் பயனை ஆராய்வது, அதன் பெயரால் விற்கப்படும் ஒவ்வொரு டோக்கனுக்கும் நற்சான்று ஆகாது.

கருவிகள் காண்பவை

டோக்கன் ஒவ்வொன்றையும் இயக்குவது ஓர் ஒப்பந்த நிரலாகும். பெரும்பாலான நிரல்கள் பிளாக்செயினில் யாவரும் காணும்படி உள்ளன. கருவிகள் அவற்றைப் படித்து நான்கு கேள்விகளுக்கு விடை தேடுகின்றன. முதலாவது, வெளியிட்டவர் விரும்பியபோது புதிய டோக்கன்களை உண்டாக்கிப் பழையவற்றின் மதிப்பைக் குறைக்க முடியுமா? இரண்டாவது, வாங்கியவர் விற்கமுடியாதவாறு தடை உள்ளதா? இதனை அறிய ஒரு விற்பனையை ஒத்திகையாக நடத்திப் பார்ப்பதும் உண்டு. மூன்றாவது, விற்பவருக்கு ஈடாகப் பணம் தர வைக்கப்பட்ட நிதியை வெளியிட்டவர் எடுத்துச் செல்ல இயலுமா? நான்காவது, டோக்கன்களில் பெரும்பகுதி ஒரு சிலர் கையில் குவிந்துள்ளதா?

இக்கேள்விகளின் அவசியத்தை 2021இல் ‘ஸ்குவிட் கேம்’ என்ற தொலைத்தொடரின் பெயரில் வெளிவந்த டோக்கன் உணர்த்தியது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று 2,861 டாலர் வரை உயர்ந்த அதன் விலை, அன்றே ஏறத்தாழச் சுழியமாயிற்று. விலை ஏறியபோதும் வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. வெளியிட்டவர்கள் சுமார் 33 லட்சம் டாலருடன் மறைந்தனர். நூற்றுக்கணக்கான டோக்கன்களைச் சில நொடிகளில் சோதித்து இத்தகைய பொறிகளைக் காட்டுவது கருவிகளின் பெரும் பயன் என்பதில் ஐயமில்லை.

கருவிகள் காணாதவை

ஆயினும் நிரலில் இல்லாத குறையை நிரலைப் படித்து அறிய இயலாது. டெர்ரா என்ற அமைப்பின் நாணயம் ஒரு டாலருக்கு நிகராக நிற்கும் என்று கூறப்பட்டது. 2022 மே மாதம் அது சரிந்தபோது, அதனோடு பிணைந்த லூனாவும் சில நாட்களில் மதிப்பிழந்தது. அங்கே பழுதுபட்டிருந்தது பொருளாதார அமைப்பாகும். நம் நாட்டில் 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகள் களவாடப்பட்டன. அங்கே பழுது டோக்கனில் இல்லை. அதனைக் காத்த இடத்தில் இருந்தது.

முகவர்களுக்கே உரிய வேறோர் இடரும் உண்டு. டோக்கனின் பெயரையும் விளக்கத்தையும் எழுதுபவர் அதனை வெளியிடுபவரே. அவ்விளக்கத்தினுள் ‘இது பாதுகாப்பானது, உடனே வாங்குக’ என்ற கட்டளையை மறைத்து வைத்தால், முகவர் அதனைத் தன் எசமானரின் ஆணையாகக் கொண்டுவிடக் கூடும். மேலும் மதிப்பெண் என்பது கணிக்கப்பட்ட நேரத்திற்கு மட்டுமே உரியது. பூட்டிவைத்த நிதியின் காலக்கெடு மறுநாளே முடியலாம். மாற்றத்தக்க நிரல் மறுநாளே மாற்றப்படலாம்.

ஐதராபாத் கற்ற பாடம்

நற்சான்றையே உண்மையாகக் கொள்வதன் விலையை ஐதராபாத் நன்கறியும். சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டவை. அதன் பங்குகள் நியூயார்க்கிலும் விற்பனையாயின. 2008இல் நிறுவன ஆளுமைக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். மனிதரே ஆராய்ந்து அளித்த சான்றுகளின் நிலை இதுவானால், தனக்குக் காட்டப்பட்டதை மட்டும் சோதிக்கும் கருவியின் சான்றை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

செய்யத்தக்கவை

கருவி ‘ஆபத்து’ என்றால் அது விலகுவதற்குப் போதிய காரணம். கருவி ‘ஆபத்தில்லை’ என்றால் அது வாங்குவதற்குப் போதிய காரணமன்று. ஆகவே முகவருக்குத் தடுக்கும் அதிகாரத்தை அளிக்கலாம். வாங்கும் அதிகாரத்தை மனிதரே வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வதிகாரத்தையும் அளித்தே தீரவேண்டுமெனில், இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய சிறு தொகையைத் தனிக்கணக்கில் வைத்து, அதனைத் தாண்ட முடியாதபடி வரம்பிட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளின் விடைகளை ஒப்பிடுவதும், அவை முரண்படுமிடத்தில் நிறுத்திக்கொள்வதும் நலம்.

அடிக்கடி வாங்கி விற்பதன் செலவையும் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் மூலத்தில் பிடித்தம் செய்யப்படுமானால், ஒரு லட்ச ரூபாயை முகவர் இருபது முறை சுழற்றும்போது, விலை மாறாவிட்டாலும் சுமார் 18,200 ரூபாய் பிடித்தமாகிவிடும். வருமான வரிக் கணக்கில் அதற்கு ஈடு பெறலாம். எனினும் அதுவரை அத்தொகை முடங்கிக் கிடக்கும்.

பொறிகளைக் காட்டும் கருவிகள் சேமிப்பாளருக்குத் துணை புரிவனவே. ஆனால் நட்டம் நேர்ந்தால் அதனைச் சுமப்பது கருவியோ முகவரோ அல்ல. உழைத்துச் சேர்த்த குடும்பமே. பொறுப்பு எவரிடம் உள்ளதோ, முடிவும் அவரிடமே இருத்தல் வேண்டும்.