கம்பி விழுந்த பிறகு

"அண்ணே, இனிமே நான் ஹை ஜம்ப் பக்கம் போகப் போறதில்லண்ணே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பத்து பெரண்டாமில் படிவம் மூன்று படிக்கும் தம்பி ஒருவன் இப்படிச் சொன்னான். போன வருஷம் மாவட்டப் போட்டியில் உயரம் தாண்டுதலில் முதலாவதாக வந்தவன். இந்த வருஷம் மூன்றாவது. "போன தடவை தங்கம், இப்ப வெண்கலம். கீழதானே போய்க்கிட்டு இருக்கேன்?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் நானும் பதினாறு வயதில் இதே காரணத்துக்காகக் காலணியைக் கழற்றிப் போட்டவன். பள்ளியில் முதலாவதாக இருந்தவன் மூன்றாவதாக நிற்க வெட்கப்பட்டேன். 'படிப்பு இருக்கு' என்று வீட்டில் சொன்னேன். அது பொய். இன்றைக்கும் பள்ளித் திடலைக் கடக்கும்போது கண் அந்த மெத்தை பக்கம்தான் போகும்.

அடுத்த வாரம் அவனுக்காக ஒருவரின் கதையோடு போனேன். அதுவே நமக்கு இந்த மாதப் பாடம்.

சேலத்துப் பிள்ளை

மாரியப்பன் தங்கவேலு 1995-இல் பிறந்தவர். ஊர், தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அம்மா சரோஜா செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பையனிடம் திறமை இருப்பதைக் கண்டு தாண்டச் சொன்னார். பிறகு பயிற்றுநர் சத்யநாராயணா அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்தார்.

2016, ரியோ பாராலிம்பிக். மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அதாவது ஆறடி இரண்டு அங்குலத்துக்கு மேல். நம்மில் பெரும்பாலோர் நிமிர்ந்து நின்றாலும் தலை அந்தக் கம்பியைத் தொடாது!

பலருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும். எனக்குப் பாடம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

தங்கம், வெள்ளி, வெண்கலம்

டோக்கியோ பாராலிம்பிக் 2021-இல் நடந்தது. தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்த வேண்டியவர் மாரியப்பன். கோவிட் தொற்று இருந்தவருக்கு அருகில் இருந்தார் என்று அவரைத் தனிமைப்படுத்திவிட்டார்கள். கொடியை வேறொருவர் ஏந்தினார். போட்டி நாளிலோ மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்துவிட்டது. 1.86 தாண்டினார், 1.88 முடியவில்லை. அமெரிக்காவின் சாம் கிரூ அதைத் தாண்டித் தங்கம் வாங்கினார். மாரியப்பனுக்கு வெள்ளி.

2024, பாரிஸ். 1.85 மீட்டர், வெண்கலம். தங்கம் வென்ற அமெரிக்க இளைஞர் எஸ்ரா ஃபிரெச் தாண்டியது 1.94. வெள்ளி வாங்கியவர் சக இந்தியரான சரத் குமார்.

தங்கம், வெள்ளி, வெண்கலம். தம்பியின் கணக்குப்படி பார்த்தால் இவரும் 'கீழ போனவர்'தான். ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ரியோவுக்கும் பாரிஸுக்கும் வித்தியாசம் நாலு சென்டிமீட்டர், இரண்டு விரல் அகலம். பாரிஸுக்குச் சில மாதம் முன்பு, 2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் நடந்த உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கமும் வாங்கியிருக்கிறார். அவர் சரிந்ததைவிட மற்றவர்கள் உயர்ந்ததுதான் அதிகம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர்தான். ரியோவோடு நிறுத்தியிருந்தால் 'தோற்காத வீரர்' என்று பேர் இருந்திருக்கும். இந்தப் பெருமை இருந்திருக்காது.

விதியே சொல்லும் பாடம்

உயரம் தாண்டுதலில் ஒரு விசேஷம் உண்டு. கம்பியை உயர்த்திக்கொண்டே போவார்கள். தொடர்ந்து மூன்று முறை தட்டினால் வெளியே. தங்கம் வாங்கியவரும் அதோடு நிற்பதில்லை. கம்பியை இன்னும் உயர்த்தச் சொல்லி முயற்சி செய்வார். ஆகவே பெரும்பாலான போட்டிகளில் ஜெயித்தவரின் கடைசித் தாண்டலும் கம்பியைத் தட்டியதாகத்தான் இருக்கும். கம்பி விழுவது இந்த விளையாட்டில் அவமானம் இல்லை. 'உன் எல்லை இன்றைக்கு இவ்வளவு' என்று அது சொல்கிறது. அவ்வளவுதான்.

எல்லாரும் கடைசிவரை விளையாடியே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கால் வலி, குடும்பச் சூழ்நிலை, வேறு ஆசை என்று நிறுத்தலாம், தப்பில்லை. மூன்றாவது இடத்தில் நிற்க வெட்கப்பட்டு மட்டும் நிறுத்தாதீர்கள். அந்த வெட்கம் ஒரு வருஷத்தில் போய்விடும். நிறுத்திய வருத்தம் போகாது. நான் அனுபவித்தவன்.

தம்பியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "போன வருஷம் எவ்வளவு தாண்டுன?"

"ஒன்னு அம்பதுண்ணே."

"இந்த வருஷம்?"

கொஞ்சம் யோசித்தான். "ஒன்னு அம்பத்தஞ்சு."

சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். உயரம் கூடியிருக்கிறது, அவன் பதக்கத்தின் நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறான். ஆனாலும் உடனே சரி என்று சொல்லவில்லை. நாற்காலிகளை அடுக்கி முடித்துவிட்டு, "தனியா பிராக்டிஸ் பண்ண முடியாதுண்ணே. விழுந்த கம்பியை எடுத்து வைக்க ஆள் வேணும்" என்றான்.

இப்போது புதன்கிழமை சாயங்காலம் நான் கம்பி எடுத்து வைக்கிறேன்.

கலந்து பேசுவோம்

1. வெட்கத்தால் நீங்கள் பாதியில் விட்டது எது? அதை உண்மையான காரணத்தோடு ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள்.

2. உங்கள் முன்னேற்றத்தை எதை வைத்து அளக்கிறீர்கள், இடத்தையா, உயரத்தையா?

3. உங்கள் குழுவில் யாருக்குக் கம்பி எடுத்து வைக்க ஆள் தேவை? இந்த வாரம் யார் போகப்போகிறீர்கள்?