வயர் மாட்டினால் மட்டும் படம் வந்துவிடுமா?

2005 நவம்பரில் நோக்கியா 770 கடைக்கு வந்தது. போனும் அல்ல, லேப்டாப்பும் அல்ல. டெபியன் லினக்ஸின் மேல் கட்டிய மேமோ இயங்குதளம், 800க்கு 480 புள்ளித் திரை, கோட்டுப் பையில் அடங்கும் அளவு. 2007இல் என்800, என்810 என்று இரண்டு தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஊர் சுற்றுகிறவர் கழுத்தில் டிஜிட்டல் கேமராவும் தொங்கிய காலம் அது. எடுத்த படத்தை அங்கேயே டேப்லெட்டுக்கு ஏற்றி மெயிலில் அனுப்பிவிடலாம் என்று யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் வயரை மாட்டினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஏன் நடக்கவில்லை என்பதற்குக் கிளம்பிய விளக்கங்கள்தான் நிறைய. பழைய டேப்லெட்டைத் தூசி தட்டி எடுக்கிறவர்கள் இன்றும் அவற்றையே நம்புகிறார்கள்.

“இரண்டிலும் யுஎஸ்பி இருக்கிறது. வயர் இருந்தால் போதும்.”

போதாது. யுஎஸ்பியில் இரண்டு முனையும் சமம் அல்ல. ஒரு முனை ஹோஸ்ட். பேச்சைத் தொடங்குவதும் மின்சாரம் கொடுப்பதும் அதன் வேலை. மறுமுனை கேட்டதற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரோடு சேரும்போது கேமரா பதில் சொல்லும் பக்கம். 770உம் கம்ப்யூட்டரில் மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டதால் அதுவும் பதில் சொல்லும் பக்கம்தான். இரண்டு பேரும் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் பரிமாறுவது யார்?

ஒரே கருவி சமயத்துக்கு ஏற்ப இரண்டு வேடமும் போடட்டும் என்று 2001இல் ஓடிஜி என்ற துணை விதிமுறை வந்தது. அதன் சூட்சுமம் பிளக்குக்குள் இருக்கிறது. மினி, மைக்ரோ பிளக்குகளில் மொத்தம் ஐந்து ஊசிகள். மின்சாரத்துக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று, தரவுக்கு இரண்டு. மிஞ்சும் ஐந்தாவதற்கு ஐடி என்று பெயர். சாதாரண வயரில் அந்த ஊசியை எதோடும் இணைக்காமல் விட்டிருப்பார்கள். ஓடிஜி அடாப்டரில் பிளக்குக்குள்ளேயே அதைக் கிரவுண்டோடு சேர்த்திருப்பார்கள். கருவி அந்த இணைப்பைப் பார்த்துத்தான் தன்னை ஹோஸ்ட் என்று முடிவு செய்கிறது. மலிவாகக் கிடைக்கும் சில மாற்றிகள் வெளியே பார்க்க ஓடிஜி அடாப்டர் மாதிரியே இருக்கும். உள்ளே அந்தச் சின்ன இணைப்பு இருக்காது. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஐடிக்கும் கிரவுண்டுக்கும் இடையே தொட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

என்810இன் மைக்ரோ துளை ஓடிஜியை மனதில் வைத்துச் செய்தது. என்800, என்810 இரண்டிலும் சரியான பிளக் இல்லாதவர்கள் லினக்ஸின் மையமான கெர்னலின் ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பில் ‘ஹோஸ்ட்’ என்று எழுதி வேலையை முடித்தார்கள். 770இல் அது இன்னும் சுற்றுவழி. புதிய மாடல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தவர்களுக்கு 2009இல் வந்த என்900 நல்ல பாடம் புகட்டியது: அதில் ஹோஸ்ட் வசதியே அதிகாரபூர்வமாகக் கிடையாது. ஆர்வலர்கள் கெர்னலைத் திருத்தி அதைப் பின்னால் வரவழைத்தார்கள்.

“கேமராவுக்குச் சொந்த பேட்டரி உண்டு. மின்சாரம் பிரச்சினையே இல்லை.”

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. தான் வேறொன்றோடு இணைந்திருப்பதைக் கேமரா அறிவதே வயரில் 5 வோல்ட் வருவதைப் பார்த்துத்தான். 770 அந்த 5 வோல்ட்டைத் தருவதில்லை. எனவே ஹோஸ்டாக மாற்றிய பிறகும் கேமரா கண் திறக்காது. நடுவே தனி மின்சாரம் உள்ள ஹப் வேண்டும். பையில் அடங்கும் கருவிக்கு அடாப்டரோடு ஒரு ஹப்பைச் சுமப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஒவ்வொரு யுஎஸ்பி கருவியும் தனக்கு அதிகபட்சம் எத்தனை மில்லிஆம்பியர் வேண்டும் என்று முதலிலேயே ஹோஸ்டிடம் சொல்ல வேண்டும். கேமரா நிஜத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பதை லினக்ஸ் பார்ப்பதில்லை. சொன்ன கணக்கைத்தான் பார்க்கும். கம்ப்யூட்டரின் யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர் வரை தரும். ஓடிஜி ஹோஸ்ட் குறைந்தது 8 தந்தாலே அன்றைய விதிக்குப் போதும். கேட்ட அளவு கையிருப்பைத் தாண்டினால் கெர்னல் இணைப்பை ஏற்காது. மின்சாரம் போதவில்லை என்று பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்தப் பதிவைத் திறந்து பார்க்காதவர்கள் பழியை டிரைவர் மேல் போட்டார்கள்.

“லினக்ஸுக்கு இந்தக் கேமராவின் டிரைவர் கிடையாது.”

பெட்டியில் வந்த சிடி விண்டோஸுக்கும் மேக்கிற்கும் என்பது சரி. அதற்காகப் படம் எடுக்க அந்த சிடி தேவை என்று ஆகிவிடாது. கேமரா கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, பென் டிரைவ் மாதிரி வட்டாகத் தோன்றுவது. மற்றது பிடிபி, ஐஎஸ்ஓ 15740 என்ற பொதுத் தரம். பழைய நிக்கான் கூல்பிக்ஸ் பலவற்றில் எந்த வழி என்பதை மெனுவிலேயே மாற்றலாம். கேனான் பவர்ஷாட்கள் பெரும்பாலும் பிடிபி மட்டுமே பேசுகிறவை. வட்டின் ஐகானைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் அது வரவே வராது. லிப்ஜிஃபோட்டோ2 என்ற கட்டற்ற நிரலகம் பிடிபியைப் புரிந்துகொள்ளும். அதை நிறுவிக் கேட்டால் படங்கள் வரிசையாக வரும்.

“யுஎஸ்பி 2.0 என்று போட்டிருக்கிறது. சட்டென்று வந்துவிடும்.”

நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் ஓடும் கருவியையும் 2.0 என்று விற்கலாம். தரம் அதற்கு இடம் தருகிறது. அந்த வேகத்தில் நொடிக்கு ஒரு மெகாபைட் வந்தால் பெரிய விஷயம். 1 ஜிபி கார்டை நகலெடுக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

“படத்தைத் திறந்தால் உறைந்துபோகிறது. வயரில்தான் கோளாறு.”

வயரை விட்டுவிடுங்கள். ஜேபெக் கோப்பு 3 எம்பிதான் இருக்கும். ஆனால் 10 மெகாபிக்சல் படத்தை விரித்தால், புள்ளிக்கு 4 பைட் கணக்கில் 40 எம்பி. என்810இன் மொத்த நினைவகம் 128 எம்பி. அதிலும் இயங்குதளம் ஏற்கெனவே ஒரு பங்கைப் பிடித்திருக்கும். படத்தோடு சேர்ந்தே வரும் சிறுபடத்தை மட்டும் காட்டும் நிரலைப் பயன்படுத்தினால் தொல்லையில்லை.

“கேமராவை நேராக இணைப்பதுதான் முறையான வழி.”

எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்800இல் முழு அளவு எஸ்டி துளைகள் இரண்டு உண்டு; கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி அதில் செருகினால் மேலே சொன்ன பாட்டில் பெரும்பகுதி தேவையே இல்லை. என்810இன் துளை மினிஎஸ்டி. மைக்ரோஎஸ்டி கார்டு ஒன்று வாங்கி, எஸ்டி உறையில் போட்டுக் கேமராவிலும், மினிஎஸ்டி உறையில் போட்டு டேப்லெட்டிலும் செருகலாம். 770காரர்கள்தான் பாவம். அதன் துளை ஆர்எஸ்-எம்எம்சி கார்டுக்கு மட்டும் என்பதால் அவர்களுக்குப் பெரும்பாலும் வயர்தான் வழி. கார்டு 32 ஜிபிக்கு மேல் போக வேண்டாம். அதைத் தாண்டியவை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வருகின்றன; லினக்ஸ் கெர்னலுக்குள் எக்ஸ்ஃபேட் நுழைந்ததே 2019இல், 5.4 பதிப்பில்தான். 2007இன் டேப்லெட்டுக்கு அது படிக்கத் தெரியாத எழுத்து.