கட்டணமில்லாப் படிப்பின் செலவு

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பொறியியல் முடித்த தமிழ்நாட்டு மாணவர்கள் முதுநிலைப் படிப்புக்கு அந்நாட்டை நாட இதுவே முதற்காரணம். விலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. முனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் முதுநிலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை நிர்ணயித்திருக்கிறது. மற்ற இடங்களில் சில நூறு யூரோவுக்குள் அடங்கும் செமஸ்டர் தொகை மட்டுமே.

ஆனால் குடும்பத்தின் கையைக் கடிப்பது கட்டணம் அல்ல, பிளாக்ட் அக்கவுன்ட். விசாவுக்கு முன் ஓராண்டு வாழ்க்கைச் செலவை இந்தக் கணக்கில் கட்டிவிட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று கொண்டால் ஏறத்தாழ 12 லட்சம். இது மாணவரின் பணமேதான். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகத் திரும்பக் கைக்கு வரும். ஆனாலும் கடன் வாங்கிக் கட்டுபவருக்கு ஒரு பாதகம் இருக்கிறது. உள்ளூர்க் கல்லூரிக்கு வாங்கும் கல்விக்கடனை வங்கி செமஸ்டர் செமஸ்டராக விடுவிக்கும். வட்டியும் அதற்கேற்ப மெல்ல ஏறும். இங்கோ 12 லட்சமும் முதல் நாளே வெளியேறுகிறது. 10 சதவீத வட்டி என்றால் வகுப்பு தொடங்குமுன்பே மாதம் 10,000 ரூபாய் வட்டி ஓடத் தொடங்கிவிடும். சேமிப்பிலிருந்து ஒரு பகுதியாவது போட முடிகிற குடும்பத்துக்கு இந்தச் சுமை பெரிதும் குறையும்.

மிகவும் நெருக்கடியானது முதல் மாதம். வாடகை முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அங்கே வங்கிக் கணக்கு திறந்து, முதல் 992 யூரோ வந்து சேர நாளாகும். எனவே பிளாக்ட் அக்கவுன்ட் தொகைக்கு மேல் 1,500 யூரோவாவது தனியாகக் கொண்டுபோவது நல்லது. மாணவர் விடுதிக்கு அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் நீளம். முனிக்கில் 992 யூரோவுக்குள் மாதத்தை ஓட்டுவது கடினம். கெம்னிட்ஸ், மாக்டெபுர்க், இல்மெனாவ் போன்ற கிழக்குப்பகுதி ஊர்களில் அதே பணத்தில் மிச்சமும் பிடிக்கலாம். பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே ஊர் வாடகையைப் பார்ப்பவர்கள் கடனில் சில லட்சங்களைக் குறைத்துவிடுகிறார்கள்.

பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போடுவது ஆபத்து. ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. குறைந்தபட்ச ஊதியம் 2025இல் மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. பெருக்கிப் பார்த்தால் வாழ்க்கைச் செலவு முழுவதும் வந்துவிடும்போலத் தோன்றும். ஆனால் ஜெர்மன் மொழி தெரியாதவருக்கு முதல் செமஸ்டரில் வேலை கிடைப்பதே அரிது. தேர்வு மாதங்களில் நேரமும் இராது. ஊரிலேயே பி1 நிலை வரை ஜெர்மன் படித்துவிட்டுப் போவது எந்த உதவித்தொகைக்கும் குறைவில்லாத முதலீடு. நான்கு செமஸ்டர் படிப்பு ஆய்வேட்டால் ஐந்தாகவோ ஆறாகவோ நீள்வதும் சாதாரணம். அப்போது விசா நீட்டிப்புக்கு மறுபடி பண ஆதாரம் காட்ட வேண்டும்.

இந்தச் செலவை உள்ளூரில் எதனோடு ஒப்பிடுவது என்பதே முக்கியமான கேள்வி. கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று ஐஐடியிலோ என்ஐடியிலோ எம்.டெக் சேர்பவருக்கு அரசே மாதம் 12,400 ரூபாய் தருகிறது. இரண்டு ஆண்டில் அது 2,97,600 ரூபாய். அப்படி இடம் கிடைத்தவர் 20 லட்சத்துக்கு மேல் செலவிட்டு வெளிநாடு போகிறார் என்றால், படிப்புக்காக மட்டும் அல்ல, அங்குள்ள வேலைச்சந்தைக்காகவும் போகிறார் என்பதைக் குடும்பம் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும். சுயநிதிக் கல்லூரியில் பணம் கட்டி எம்.இ. படிக்கும் நிலையில் இருப்பவருக்கோ இந்த இடைவெளி சுருங்குகிறது. ஆய்வகத்தையும் வேலை வாய்ப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஜெர்மனிப் பக்கம் தட்டு சாயலாம்.

பிளஸ் டூ முடித்ததும் இளநிலைக்கே போவது வேறு கணக்கு. பெரும்பாலோருக்கு நேரடிச் சேர்க்கை இல்லை. ஓராண்டு ஆயத்தப் படிப்பு தேவைப்படும். அதுவும் செலவில் ஓராண்டுதான்.

கன்சல்டன்சிகள் தனியார் பல்கலைக்கழகத்தை முன்வைத்தால் நிதானம் தேவை. அங்கே கட்டணம் ஆண்டுக்கு 10,000 யூரோவைத் தாண்டுவது உண்டு. சேர்த்துவிடுவோருக்குக் கமிஷனும் உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவரே நேரடியாகவோ யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகவோ விண்ணப்பிக்கலாம். யூனி-அசிஸ்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்குத் தலா 30 யூரோ. இந்தியக் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும், 2022 நவம்பர் முதல் கட்டாயமான ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய்.

பட்டம் பெற்றபின் வேலை தேட ஜெர்மனி 18 மாதம் தருகிறது. இந்திய வங்கிகள் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை கேட்கத் தொடங்கும். இடையில் உள்ள அந்த ஆறு மாதத்துக்கான தவணையைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துக் கடன் தொகையை முடிவு செய்ய வேண்டும்.