தோட்டப் பயிருக்கு உரம்: தெரிந்தெடுத்தலும் இடுதலும்

கிராமத்தில் வீட்டுக் கொல்லையிலோ கிணற்றடியிலோ இரண்டொரு சென்ட் நிலத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய் முதலியவற்றைப் பயிரிடும் குடும்பங்கள் பல. செடி சற்று வாடினாலும் வெளுத்தாலும் சங்கத்தின் உரக்கிடங்கிற்குச் சென்று யூரியா வாங்கி வந்து தூவுவது வழக்கமாகிவிட்டது. பத்து நாளில் செடி கரும்பச்சையாகத் தழைக்கின்றது, உரியவரும் மகிழ்கின்றார். ஆனால் பூ குறைகின்றது, காய் பிடிப்பதில்லை, இளந்தளிரில் அசுவினி அடைகின்றது. செலவிட்ட பணம் இலையாகப் போய்விட்டது. இது உரத்தின் குற்றமன்று. செடிக்கு எது குறைவு என்று ஆராயாமல் உரத்தைத் தெரிந்தெடுத்ததன் குற்றமேயாம்.

மூன்று சத்துகள்

பயிர் மண்ணிலிருந்து மிகுதியாக எடுத்துக்கொள்ளும் சத்துகள் மூன்று. தழைச்சத்து இலையையும் தண்டையும் வளர்க்கும். அது குறைந்தால் அடியிலைகள் முதலில் வெளிறி மஞ்சளாகும். மணிச்சத்து வேரையும் பூவையும் வித்தையும் ஊக்கும். அது குறைந்தால் செடி குறுகி, இலை ஊதா நிறம் கலந்து தோன்றும். சாம்பல்சத்து காய்க்குத் திரட்சியையும் செடிக்கு வறட்சி தாங்கும் வலிமையையும் தரும். அது குறைந்தால் முதிர்ந்த இலைகளின் ஓரம் தீய்ந்தாற்போல் காயும்.

மேலுள்ள இளந்தளிர் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்குமாயின், பெரும்பாலும் அது இரும்புச்சத்தின் குறைவாகும். சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இதனை அடிக்கடி காணலாம். இதற்கு எத்தனை யூரியா இட்டாலும் பயனில்லை. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து மாலை வேளையில் இலைமேல் தெளிப்பதே பரிகாரம்.

மூட்டையின் மேல் உள்ள எண்கள்

உர மூட்டையின் மேல் அச்சிட்டுள்ள எண்கள், நூறு பங்கு உரத்தில் எத்தனை பங்கு சத்து உண்டு என்பதைத் தெரிவிக்கின்றன. முதலாவது தழை, இரண்டாவது மணி, மூன்றாவது சாம்பல். யூரியாவில் தழைச்சத்து 46 பங்கு; ஆகவே 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து உண்டு. 16 பங்கு மணிச்சத்துள்ள சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ மூட்டையில் 8 கிலோ மணிச்சத்து உண்டு. டி.ஏ.பி. 50 கிலோ மூட்டையில் தழை 9 கிலோவும், மணி 23 கிலோவும் உள. மூட்டையின் விலையை மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றந் தரும். விலையைச் சத்தின் எடையால் வகுத்து, ஒரு கிலோ சத்து என்ன விலையாகின்றது என்று பார்ப்பதே சரியான கணக்கு. ஆயினும் சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகமும் சுண்ணாம்புச்சத்தும் உடன் கிடைப்பதையும் மறத்தலாகாது.

கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 7 பங்கேயாகும். ஒரு மூட்டை யூரியாவின் தழைச்சத்தைப் பெற ஏறக்குறைய 300 கிலோ பிண்ணாக்கு வேண்டும். ஆகையால் மாடு தின்னும் பிண்ணாக்கை மாட்டிற்கே இட்டுப் பாலும் சாணமும் பெறுவது சிக்கனம். வேப்பம் பிண்ணாக்கு போன்றவற்றை நிலத்திற்கு இடலாம்.

எருவே அடிப்படை

ரசாயன உரம் செடிக்கு உணவு. தொழு உரமோ மண்ணிற்கே உயிர். கோயமுத்தூரில் 1909-ம் ஆண்டில் தொடங்கி ஒரு நூற்றாண்டிற்கு மேல் நடந்துவரும் நிரந்தர உரச் சோதனையில், எரு பெற்றுவந்த பாத்திகளின் மண்ணில் கரிமச்சத்து, எரு பெறாதவற்றைக் காட்டிலும் மிகுந்திருக்கின்றது. அத்தகைய மண் நீரைப் பிடித்து வைக்கும். இட்ட உரம் வீணாகாமல் காக்கும்.

வீட்டில் கிடைக்கும் எருவைப் பேணுவதற்குப் பணம் வேண்டுவதில்லை. மாட்டின் கழிவிலுள்ள தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதி சிறுநீரில் உள்ளது. தொழுவத்தில் சருகையோ மண்ணையோ பரப்பி அதனை உறிஞ்சச் செய்து எருக்குழியில் சேர்க்கவேண்டும். குழியை வெயிலும் மழையும் படாமல் மூடவேண்டும். மக்காத பச்சைச் சாணத்தைச் செடியடியில் இட்டால் சூடும் கரையானும் களையுமே மிஞ்சும்.

ஒரு சென்ட் கத்தரிக்குக் கணக்கு

கத்தரி ரகங்களுக்கு ஒரு ஹெக்டேருக்குத் தொழு உரம் 25 டன்னும், அடியுரமாகத் தழை 50, மணி 50, சாம்பல் 30 கிலோவும், நட்ட முப்பதாம் நாளில் தழை 50 கிலோவும் இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்துள்ளது. ஒரு ஹெக்டேர் 247 சென்ட் ஆதலின், ஒரு சென்ட்டுக்கு வேண்டியவை:

நடுமுன்: மக்கிய தொழு உரம் 100 கிலோ, யூரியா 440 கிராம், சூப்பர் பாஸ்பேட் 1¼ கிலோ, பொட்டாஷ் 200 கிராம்.

முப்பதாம் நாள்: யூரியா 440 கிராம்.

ஒரு சென்ட் கொல்லைக்குப் பயிர்க்காலம் முழுவதற்கும் ஒரு கிலோ யூரியாவும் தேவைப்படவில்லை என்பது இதனால் விளங்கும். கைப்பிடி கைப்பிடியாக வாரித் தூவுவோர் எவ்வளவு வீணாக்குகின்றனர் என்பதை அவரவரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இடும் முறை

மணிச்சத்து மண்ணில் நகர்வது மிகக் குறைவு; ஆதலால் நடுமுன்னரே வேர் சேரும் ஆழத்தில் இடவேண்டும். மேலுரமான யூரியாவைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாக இட்டு, மண்ணால் மூடி, அளவாக நீர் பாய்ச்சவேண்டும். மேலாகத் தூவி விட்டால் அதன் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். தண்டை ஒட்டிக் குவித்தால் வேர் வெந்துவிடும். டி.ஏ.பி., அம்மோனியம் சல்பேட் போன்றவற்றைச் சாம்பலோடும் சுண்ணாம்போடும் கலத்தல் ஆகாது. கலந்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

மிகையான தழைச்சத்து நீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேரும். குடிநீர் ஒரு லிட்டரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியாவின் குடிநீர்த் தரவிதி. அதற்கு மிஞ்சிய நீரால் பால் கரைத்துக் கொடுக்கப்படும் பச்சிளங் குழந்தைகளின் இரத்தம், பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். ஆகவே கொல்லையில் கொட்டும் வீண் உரம் பணநஷ்டத்தோடு நில்லாமல், அதே வீட்டுத் தொட்டிலையும் எட்டக்கூடியதாகும்.

சங்கத்தார் செய்யத்தக்கவை

1. கோடையில் அங்கத்தினர் அனைவரும் மண் மாதிரி எடுத்து ஒன்றாகப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புதல். கொல்லையில் பத்துப் பதினைந்து இடங்களில் ஒரு சாண் ஆழத்திற்கு மண் எடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்து எதிர்ப் பங்குகளை நீக்கி, அரைக் கிலோ அளவாகக் குறைத்தல் வேண்டும்.

2. சிறு தோட்டக்காரர் நால்வர் ஐவர் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கி, தராசில் நிறுத்துப் பகிர்ந்துகொள்ளுதல்.

3. கிடங்கின் சுவரில் ஒவ்வோர் உரத்தின் சத்தளவையும், அன்றைய விலைப்படி ஒரு கிலோ சத்தின் அடக்கத்தையும் எழுதி வைத்தல்.

4. மூடிய எருக்குழி இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்து, அவற்றில் குழி வெட்டுவதற்கு ஒருவருக்கொருவர் உதவுதல்.

இந்நான்கில் எதற்கும் பெரும் பொருள் வேண்டுவதில்லை. மண்ணைச் சோதித்து, எண்ணைப் படித்து, எடையிட்டு இடுவோர் குறைந்த செலவில் நிறைந்த காயைப் பெறுவர். அவர்களுடைய கிணற்று நீரும் கெடாதிருக்கும்.